உழவர் கைக்கும் பாதத்துக்கும் உதவும் வெளிச் சட்டகம்

நாஞ்சில் நாட்டிலே கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களின் அறுவடைக் காலத்திலும் நிலமுடையோர் கவனம் முழுவதும் மழை, கூலி, நெல்விலை ஆகியவற்றின்மேல் நிற்பது இயல்பே. அந்நாட்களில் அரிவாள் பிடிக்கும் கையோ வரப்பில் ஊன்றும் பாதமோ முறிந்துபோகுமாயின், அப்போகம் மட்டுமன்றிப் பின்வரும் பல போகங்களும் அக்குடும்பத்துக்கு நஷ்டமாய் முடியக்கூடும். இதனை முன்னதாக எண்ணுவோர் சிலரே.

மாடு கட்டிச் சூடடித்த காலத்தில் வயற்காயங்கள் பெரும்பாலும் அரிவாள் வெட்டு, மாட்டின் மிதி என்னும் அளவில் நின்றன. யந்திரங்கள் வந்தபின் காயத்தின் தன்மை வேறாயிற்று. அறுவடை யந்திரத்தில் ஈர வைக்கோல் அடைத்துக்கொண்டால் யந்திரத்தை நிறுத்தாமலே கையை உள்ளே விட்டு இழுப்பதும், புல் நறுக்கும் யந்திரத்தில் கடைசிப் பிடிப் புல்லை விரலால் தள்ளுவதும் எங்கும் காணும் வழக்கங்கள். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக அடிக்கும் உருளைகளுக்கிடையே விரல் போய்விடுவதும் உண்டு. பனையிலோ தென்னையிலோ ஏறியவர் தவறிக் கால் ஊன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்குகிறது. இவ்வகைக் காயங்களில் எலும்பு முறிவதோடு நிற்பதில்லை. தோல் உரிந்து, சதை நைந்து, சேறும் சாணமும் வைக்கோற்பொடியும் உள்ளே புகுந்துவிடுகின்றன. இத்தகைய முறிவுகளுக்கென்று ரண சிகிச்சை நிபுணர்கள் கையாளும் ஒரு சாதனத்தைப் பற்றி நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், கையினின்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் தோற்றத்தைக் கண்டு மிரண்டு, சிகிச்சையை மறுப்பவரும் பாதியில் விட்டுவிடுபவரும் இன்றும் உளர்.

கையில் 27 எலும்புகளும் பாதத்தில் 26 எலும்புகளும் உள்ளன. தொடை எலும்பைச் சுற்றிலும் சதை கனத்திருப்பதுபோல் இவற்றைச் சுற்றி இல்லை. விரலெலும்பின்மேல் மெல்லிய தோலும், அதற்கும் எலும்புக்கும் இடையே வழுக்கிச் செல்லும் தசைநாண்களுமே இருக்கின்றன. விரலை மடக்குவதும் நீட்டுவதும் இந்நாண்களின் வேலையே. எலும்பு முறிந்த இடத்தில் நாண் ஒட்டிக்கொண்டால் முறிவு கூடிய பின்னும் விரல் மடங்காது. ஆகவே தொடை முறிவில் எலும்பு கூடியதா என்பதே முதற்கேள்வியாயிருக்க, கைமுறிவில் எலும்பு கூடியதா என்பதோடு விரல் அசைகிறதா என்பதும் சமமான கேள்வியாகிறது. விறைத்த ஐந்து விரல்களைவிட வளையும் மூன்று விரல்கள் மண்வெட்டிக்கு மேல்.

மூங்கிற் பத்தையை இகழ்வதற்கில்லை. குமரி நாட்டு வர்ம ஆசான்மார் தலைமுறை தலைமுறையாகச் சுளுக்குக்கும் மூடிய முறிவுக்கும் பத்தை வைத்துக் கட்டிவந்திருக்கின்றனர். முறிந்ததை அசையாமல் வெளியிலிருந்து பிடிப்பது என்னும் தத்துவம் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் காயம் திறந்திருக்கும்போது அதன்மேல் பத்தையும் பச்சிலையும் வைத்துக் கட்டினால் உள்ளே நடப்பது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. வீக்கம் ஏற ஏறக் கட்டு இறுகி, இரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்துவிடுதலும் உண்டு. சுண்ணக்கட்டு என்னும் மாவுக்கட்டுக்கும் திறந்த காயத்தில் ஏறக்குறைய இதே குறை பொருந்தும். இனி, தோலைக் கீறி எலும்பின்மேல் உலோகத் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்குவது மூடிய முறிவுகளுக்கு மிகச் சிறந்த முறையே. எனினும் சேறு புகுந்த புண்ணுக்குள் அந்நிய உலோகத்தை வைப்பது கிருமிகளுக்கு உறைவிடம் அமைத்துத் தருவதாகும்.

வயற்காயம் ஏன் இவ்வளவு பயத்துக்குரியது என்பதற்கு ஓர் அத்தாட்சி கூறலாம். அமெரிக்காவைச் சேர்ந்த கஸ்டிலோ, ஆண்டர்சன் என்னும் நிபுணர்கள் 1976-ஆம் ஆண்டில் திறந்த முறிவுகளை மூன்று தரங்களாக வகுத்தனர். அவ்வகுப்பின்படி சிறிய புண் முதல் தரம், பெரிதும் நைந்தது மூன்றாம் தரம். ஆனால் பண்ணை மண் கலந்த முறிவு, புண் எத்துணைச் சிறிதாயினும், மூன்றாம் தரத்திலேயே வைக்கப்படுகிறது. கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியார் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பெண் முறை முழங்காலுக்குக் கீழுள்ள முறிவுகளைக் குறித்தது. அதிலும் பண்ணைக் காயத்துக்கென்று தனியே 2 மதிப்பெண் கூட்டப்படுகிறது. அங்கே மதிப்பெண் ஏறுவது அபாயம் ஏறுவதற்கு அடையாளம். சாணமும் எருவும் கலந்த மண்ணில் இசிவு நோய் என்னும் டெட்டனஸ் கிருமியும், சதையை அழுகச் செய்யும் வேறு கிருமிகளும் வாழ்வதே இதற்குக் காரணம். பயிருக்கு வளமான மண் காயத்துக்கு விஷமாகிறது.

சட்டகத்தின் அமைப்பு

குலை தள்ளிய வாழை காற்றில் சாயாதிருக்க ஊன்றுகால் நாட்டி முட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நாஞ்சில் நாட்டார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. முட்டு வெளியே நிற்கிறது. தண்டு உறையிடப்படாமல் திறந்தே இருக்கிறது. சருகு களையவும் மருந்து தெளிக்கவும் இடமிருக்கிறது. வெளிச் சட்டகம் என்பதும் இவ்வாறானதே. கையை மரக்கச் செய்து, காயத்தை ஏராளமான நீரால் கழுவி, செத்த சதையை நீக்கிய பின்னர், முறிவுக்கு மேலும் கீழும் உள்ள நல்ல எலும்பில் மெல்லிய எஃகுக் கம்பிகள் தோல்வழியாகத் துளையிட்டுச் செலுத்தப்படுகின்றன. கை எலும்புகளுக்கு ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பிகளே போதும். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே இவ்வேலை நடைபெறும். வெளியே நீட்டி நிற்கும் கம்பி முனைகளை நீளவாட்டில் வைக்கப்படும் சிறு கோல்களோடு பிணைப்பதற்குக் கட்டைவிரல் நகத்தளவான உலோகப் பிணைப்புகள் உண்டு. ஒரு துளையில் கம்பியும், அதற்குக் குறுக்கான மறுதுளையில் கோலும் நுழைய, சிறு திருகை ஆறுபட்டைச் சாவியால் முடுக்கிவிட்டால் இரண்டும் அசையா. முழுச் சட்டகமும் கையின்மேல் ஒரு சிறு ஏணிபோல் அமர்ந்திருக்கும். அதன் கீழே புண் திறந்திருக்க, நாள்தோறும் பார்த்துக் கழுவி மருந்திடலாம். பின்னர் வேண்டுமாயின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டலாம். முறிவில்லாத விரல்களை முதல் நாள் தொட்டே மடக்கி நீட்டலாம்.

எலும்பு பல துண்டுகளாய் நொறுங்கிய இடத்தில் இச்சாதனம் செய்யும் வேறோர் உபகாரமும் உண்டு. துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க முயன்றால் அவற்றுக்கு உயிரூட்டும் சிறு இரத்தக் குழாய்கள் அறுந்துபோகும். அவ்வாறு செய்யாமல், முறிவின் இருபுறத்தையும் சட்டகத்தின் திருகால் மெல்ல இழுத்தால், துண்டுகளோடு ஒட்டியிருக்கும் தசைநார்கள் விறைத்து, அத்துண்டுகளைத் தாமே நேர்வரிசைக்குக் கொண்டுவருகின்றன. தொய்ந்த கயிற்றுக் கட்டிலின் முனைக்கயிற்றை இழுத்து முடிந்தால் நடுவிலுள்ள கண்ணிகளும் ஒழுங்குபடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

வெளியிலிருந்து எலும்பைப் பிடிக்கும் எண்ணம் புதிதன்று. பிரெஞ்சு நாட்டு மால்கேஞ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே முழங்காற் சில்லுக்குக் கொக்கி அமைத்தார். அமெரிக்காவில் பார்க்கில் 1897-ஆம் ஆண்டிலும், பெல்ஜியத்தில் லாம்பாட் 1902-ஆம் ஆண்டிலும், ஜெனீவாவில் ஹாஃப்மன் 1938-ஆம் ஆண்டிலும் இதனைச் சீர்திருத்தினர். மெல்லிய கம்பிக்குப் பெயர் தந்தவர் ஜெர்மனியின் கிர்ஷ்னர். அவர்களுடைய சாதனங்கள் பெரும்பாலும் தொடைக்கும் முழங்காலுக்கும் ஏற்ற கனமானவை. கைக்கும் பாதத்துக்கும் ஏற்ற சிறிய, இலேசான, விலை குறைந்த அமைப்பை இந்திய நாட்டுக்குத் தந்தவர் பம்பாய் டாக்டர் பி. பி. ஜோஷி. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அது பரவி, அவர் பெயராலேயே ஜோஷி வெளிநிலைப்படுத்தும் அமைப்பு எனவும், ஆஸ்பத்திரிகளில் சுருக்கமாக ஜெஸ் எனவும் வழங்குகிறது. பிறவியிலேயே வளைந்த பாதத்தைச் சிறிது சிறிதாக இழுத்து நேராக்குவதில் முதலில் பெரும் புகழ்பெற்றது. கைக்குழந்தைகளுக்கு இக்காலத்தில் பொன்செட்டி முறைப்படி மாவுக்கட்டுகளை வாரந்தோறும் மாற்றிக் கட்டுவதே முதற்சிகிச்சையாய் இருப்பினும், கை பாத முறிவுகளில் ஜெஸ்ஸுக்குரிய இடம் நிலைத்துவிட்டது. இந்நாட்டிலேயே எஃகில் செய்யப்படுவதால் எளியவர்க்கும் எட்டக்கூடியது.

ரப்பர் விளைவிப்போர்க்கு ஒரு செய்தி சுவையாயிருக்கும். விரலின் நடுமூட்டு நொறுங்கிய இடத்தில் இரண்டு மூன்று கம்பிகளோடு சாதாரண ரப்பர் வளையங்களைப் பூட்டி, மூட்டை இழுத்துப் பிடித்தபடியே அதை அசைக்கவும் விடும் முறையை ஜப்பானிய நிபுணர் சுசுகியும் அவருடைய தோழர்களும் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். திருகாணியால் ஆகாததை அங்கே ரப்பரின் நெகிழ்ச்சி செய்கிறது.

பெருவிரலைப் பற்றித் தனியே கூறவேண்டும். கையின் பயனில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு பெருவிரலைச் சார்ந்தது என்பது நிபுணர் மதிப்பு. உள்ளங்கை நசுங்கிய பின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோலும் சதையும் சுருங்கி, பெருவிரல் உள்ளே மடிந்து நின்றுவிடுவது வழக்கம். அப்படி ஆனபின் மண்வெட்டிக் காம்பு கைக்குள் நுழையவே நுழையாது. இவ்விரு விரல்களுக்கும் இடையே சட்டகத்தை அகலமாக வைத்துப் பிடித்திருந்தால் அச்சுருக்கம் பெரும்பாலும் தடுக்கப்படும்.

மரத்தினின்று விழுந்தவர் விஷயத்தில் குதிகாலின் தோல் சில மணி நேரத்தில் வீங்கிக் கொப்புளிக்கும். அந்நிலையில் தோலைக் கீறினால் புண் ஆறுவது அரிது. ஆதலின் கம்பிகளை மட்டும் செலுத்தி, நசுங்கிய குதிகால் எலும்பை இழுத்து உயரமும் நீளமும் மீளச் செய்தல் பல இடங்களில் அநுசரிக்கப்படுகிறது. இவ்வாறு விழுந்தவர்க்கு முதுகெலும்பும் நசுங்கியிருக்கக்கூடும். அவரைத் தோளில் தூக்கி உட்காரவைத்துக் கொண்டுபோவது பெருந்தவறு. பலகையிலோ நீண்ட பெஞ்சிலோ கிடத்தியே கொண்டுசெல்லுதல் வேண்டும்.

சட்டகம் எல்லா முறிவுக்கும் உரியதென்று கருதலாகாது. தோல் கிழியாத, இடம் பெயராத விரல் முறிவுக்கு அடுத்த விரலோடு சேர்த்துக் கட்டுவதே பெரும்பாலும் போதும். சட்டகத்திலும் குறைகள் உண்டு. கம்பி போகும் வழியில் நரம்போ நாணோ தைக்கப்படலாம், கம்பி நுழையும் துளையில் சீழ் பிடிக்கலாம், பிணைப்பு தளரலாம், துணியிலும் கொசுவலையிலும் மாட்டிக்கொள்வதும் தொல்லையே. பழகிய நிபுணர் கையில் இவற்றுட் பல குறையும்.

முதல் ஒரு மணி நேரம்

சட்டகம் எவ்வளவு நல்லதாயினும் காயம் பட்ட இடத்திலேயே பாதிச் சிகிச்சை முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது. முதலில் யந்திரத்தை நிறுத்தவேண்டும். உருளையிலோ பல்லிலோ சிக்கிய கையைப் பிடித்திழுத்தல் கூடாது. உருளையைத் தளர்த்தியோ கழற்றியோ எடுக்கவேண்டும். மோதிரம், காப்பு, வளையல்களை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிடவேண்டும். இரத்தம் பெருகினால் சுத்தமான வேட்டித் துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும். காப்பிப் பொடி, சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய், சாம்பல், மஞ்சள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வைத்து அப்பும் வழக்கம் அடியோடு ஒழியவேண்டும். சுத்தமான குழாய்நீர் இருந்தால் மேலாகக் கழுவலாம்; குளத்து நீரும் கால்வாய் நீரும் ஆகா. கமுகம் பாளையை அளவாக நறுக்கி, துணி சுற்றி, அதன்மேல் கையைக் கிடத்தித் தளர்வாகக் கட்டினால் வழியில் முறிவு குலுங்காது. கையை மார்புக்கு மேலாகத் தூக்கிவைத்தல் நலம். மயக்க மருந்து கொடுக்க நேரிடும் ஆதலால் சோறோ பாலோ கொடுத்து அனுப்பலாகாது.

விரல் துண்டித்துப் போயிருந்தால் துண்டைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு வாய்கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் மிதக்கவிட்டுக் கொண்டுபோகவேண்டும். பனிக்கட்டி நேரே படுமாயின் துண்டு கெட்டுப்போகும்.

108 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால் வண்டி வரும். நாஞ்சில் நாட்டார்க்கு அண்மையில் ஆசாரிப்பள்ளம் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், மேற்குத் தாலுகாக்களில் உள்ளோர்க்குத் தக்கலையில் பத்மநாபபுரம் அரசு தலைமை ஆஸ்பத்திரியும் உள்ளன. கிருமியை அடக்கும் மருந்தும் டெட்டனஸ் தடுப்பு ஊசியும் எவ்வளவு விரைவில் செலுத்தப்படுகின்றனவோ அவ்வளவு நலம். ஆகையால் வழியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றைப் பெற்று மேலே செல்லுதலும் உசிதமே. மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் இரவைக் கழிப்பதைப்போல் கேடு வேறில்லை.

வீட்டில் கவனிக்கவேண்டியவை

சட்டகத்தோடு வீடு திரும்பியவர் அதை எலும்பு கூடும்வரை தாங்கவேண்டும். கை விரலெலும்புகளுக்குச் சாதாரணமாக 3 முதல் 6 வாரமும், பாதத்துக்கு அதனினும் அதிகமும் ஆகும். கம்பி நுழையும் துளைகளைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால், ஒவ்வொரு துளைக்கும் புதுப்பஞ்சு எடுத்துத் துடைத்து, ஈரம் போக உலர்த்திவைப்பதே போதுமானது. ஆஸ்பத்திரியில் வேறு மருந்து சொல்லியிருந்தால் அதன்படி செய்யலாம். துளையைச் சுற்றி எண்ணெயோ பச்சிலைச் சாறோ தடவுதல் ஆகாது. சிவப்பு, சீழ், துடிக்கும் வலி, காய்ச்சல், கம்பி ஆடுதல், விரல் நுனி வெளிறுதல் அல்லது மரத்துப்போதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். தளர்ந்த திருகை வீட்டிலுள்ளோர் முடுக்குவதும், கம்பியை வேறெவரையேனும் கொண்டு பிடுங்கச் செய்வதும் முழுச் சிகிச்சையையும் பாழாக்கும். உரிய காலத்தில் வைத்தியர் கழற்றும்போது மயக்க மருந்தின்றிச் சில நிமிஷங்களில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும், நோவும் சொற்பமே.

அதுவரை சட்டகமுள்ள கையோடு தொழுவத்தில் சாணம் அள்ளுவதும் வயற்சேற்றில் இறங்குவதும் விலக்கப்பட வேண்டும். சும்மாயிருக்கும் கையும் விறைத்துவிடுமாதலால், வைத்தியர் அனுமதித்த விரல்களை மணிக்கொருமுறை மடக்கி நீட்டவேண்டும். நோகிறதென்று விட்டுவிடுபவரே பின்னால் வருந்துகின்றனர். பீடி, சுருட்டு எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை நோயுள்ளவர் அதை அடக்கிவைக்காவிடில் துளைகளில் சீழ் பிடிப்பது எளிது.

யந்திரம் வைத்திருப்போர் கடமையும் ஒன்றுண்டு. விசைக் கதிரடிக்கும் யந்திரங்களை முன்னிட்டு அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரால் இயற்றப்பட்டது. யந்திரத்தில் வேலை செய்கையில் காயமுற்றவர்க்கு நஷ்டஈடு கொடுப்பதும் அதில் அடங்கும். கதிர் ஊட்டும் வாயை நீளமாக வைத்து, அதன் உட்பகுதியை மூடிவிட்டால் விரல் பல்லை எட்டாது. இம்மூடி வேலையைத் தாமதப்படுத்துகிறதென்று கழற்றி மூலையில் வைப்பவர் சிலர் உண்டு. அவர்கள் மிச்சப்படுத்தும் நேரம் ஒரு கையின் விலைக்கு ஈடாகுமா என்பதை அவர்களே கணக்கிடட்டும்.

முற்காலத்தில் இந்நாட்டில் பார்வத்தியக்காரர் வகித்த பொறுப்பு இப்பொழுது கிராம நிர்வாக அலுவலரைச் சார்ந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர அவர் கொடுக்கும் வருமானச் சான்று வேண்டியிருக்கிறது. காயம் பட்ட பிறகு சான்றுக்கு அலையவிடாமல், தம் கிராமத்தில் அட்டையில்லாத குடும்பங்களை அறுவடைக்கு முன்பே கணக்கெடுத்து முடித்தல் நலம். 2011-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் 2½ ஏக்கர் வரை நன்செயோ 5 ஏக்கர் வரை புன்செயோ உடைய சிறு விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் பதிவு செய்துகொள்ளலாம். அறுவடைக்கு வரும் ஆட்களின் பெயர்கள் அப்பதிவில் உள்ளனவா என்று நிலமுடையோர் கேட்டறிதல் வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சீட்டையும், முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே படத்தையும், சட்டகம் கழற்றிய நாள் எடுத்த படத்தையும் ஒன்றாக வைத்திருத்தல் அவசியம். ஊனத்துக்கான உதவி கோருங்கால் கிராம அலுவலகத்திலும் தாலுகா கச்சேரியிலும் முதலில் கேட்கப்படுபவை இவையே.